கைக்கேற்ற சாய்வு

தச்சு வேலையில் பாதி, மரத்தைத் தொடுவதற்கு முன்பே கல்லின் மேல் முடிந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் பாராட்டுவதெல்லாம் மீதிப் பாதியைத்தான். யாரும் பாராட்டாத அந்த முதல் பாதியை ஆறு மாதமாகச் செய்துகொண்டிருப்பவள் நான். சமையல், துணி, பாத்திரம் என்று பாராட்டில்லாத வேலைகளில் ஊறிப்போன உங்களுக்கு இது புதிதாக இருக்காது. கல்லும் இரும்பும்தான் புதிது.

நான் தச்சர் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் வீட்டுக்குப் பின்னாலேயே மரப்பட்டறை வைத்திருக்கும் அருளப்பனின் மனைவி. கான்வென்டில் படித்தவள், கோடு போட்டால் ஸ்கேல் வைத்துத்தான் போடுவேன். போன ஐப்பசி மழையில் மஞ்சவாடிக் கணவாய் வளைவில் இவருடைய பைக் சறுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபோது கட்டை விரலையும் சேர்த்து இரண்டு விரலில் உணர்வு இல்லை, பலமும் இல்லை. அழுத்திச் செய்கிற வேலை எதுவும் வேண்டாம் என்றார் டாக்டர். தச்சனிடம் அழுத்தாதே என்பது என்னிடம் பேசாதே என்பது மாதிரி.

பட்டறை நிற்கவில்லை. பதினெட்டு வருடமாக இவரோடு இருக்கும் மாதையன், மெஷினில் அறுத்து மெஷினில் இழைத்து, கதவும் ஜன்னலுமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். நின்றுபோனது பூவேலை, நிலையில் கொடியும் தாமரையும் செதுக்குகிற வேலை. அது இவர் கை மட்டுமே செய்தது. தன் உளிகளைச் சாக்கில் சுற்றி மூலையில் போட்டுவிட்டு, டாக்டர் கொடுத்த ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி உளி பிடிப்பாரா மாட்டாரா என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. நான் வாய்விட்டுக் கேட்காத கேள்வி என்று ஒன்று இருந்தது என்பதே எங்கள் தெருவுக்குச் செய்திதான்.

கல்லுக்கு எண்ணெய்

கீல் வைக்கப் பள்ளம் பறிக்கிற உளிகள் சில, பட்டறைக்குப் பொதுவாக உண்டு. மார்கழியில் ஒரு நாள் அவை மழுங்கிவிட்டதென்று மாதையன் மின்சாரச் சாணையில் காட்டப் போனார். நாற்காலியிலிருந்து இவர் கத்தினார். அந்தச் சக்கரத்தில் சூடு ஏறி இரும்பு நீலம் பாய்ந்துவிடும், அப்புறம் அது உளி இல்லை, தகரம் என்றார். அப்படியானால் கல்லில் உட்கார்ந்து யார் தீட்டுவது, மூன்று கதவு நிற்கிறது என்றார் மாதையன். தீட்டுவதற்கு இரண்டு கையும் அழுத்த வேண்டும். இந்த வாக்குவாதம் நான் தோசை வார்க்கிற நேரமாகப் பார்த்து மூன்றாவது நாளாக நடந்தது. அடுப்பை அணைத்தேன். உளியையும் கல்லையும் பிடுங்கிக்கொண்டு குழாயடியில் போய் உட்கார்ந்தேன்.

நாற்காலியிலிருந்தே கட்டளைகள் வந்தன. உளியின் சரிவு கல்லில் முழுசாகப் படிய வேண்டும். மணிக்கட்டு ஆடக்கூடாது. பின்பக்கம் விரலில் பிசிறு தட்டும்வரை தேய்த்துவிட்டு, பிறகு கல்லின் நைஸ் பக்கத்தைத் திருப்ப வேண்டும். எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எந்த எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து தாராளமாக ஊற்றினேன். மறுநாள் காலை, மலைக்காற்றின் குளிரில், கல் வெண்ணெய் தடவிய ரொட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. உளி அதன் மேல் வழுக்கி விளையாடியதே தவிர இம்மியும் தேயவில்லை. மண்ணெண்ணெய் கலந்த மெஷின் எண்ணெய் ஒரு பாட்டிலில் என் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்ததாம். மாதையன் கல்லை எடுத்து நகத்தால் சுரண்டினார், முகர்ந்து பார்த்தார், மிகுந்த மரியாதையோடு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எண்ணெ வெச்சாச்சுங்களா? அப்படியே வாரி, ஒரு ஜடையும் பின்னி வுட்டுருங்கக்கா."

என்ன வந்தது?

கல்லைச் சுரண்டிக் கழுவி, சரியான எண்ணெய் விட்டு, பத்துப் பதினைந்து நாளில் எனக்குக் கை படிந்துவிட்டது. உங்களில் பொறுமையில்லாதவர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: இந்த வேலை ஆளை மயக்கிவிடும். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்காதவள் நான். பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் டிரைவரிடம் காரணம் கேட்பவள். ஆனால் கல்லின் மேல் இரும்பு போய் வரும் அந்தச் சத்தம் இருக்கிறதே, எங்கேயோ ஒரு தாய் தூக்கத்தில் சிணுங்கும் குழந்தையை அமர்த்துவது மாதிரி இருக்கும். இருபது தடவை போய் வருவதற்குள் நான் அந்த இடத்தில் இருக்க மாட்டேன். எண்ணெயும் இரும்புப் பொடியும் கலந்து கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு படரும். அதில் மேகம் போகும். சித்தேரி மலை முழுசாக வந்து இறங்கும்.

ஒரு நாள் ஒகேனக்கல் வந்தது. கல்யாணமான புதிதில் நாங்கள் ஏறிய பரிசல் நடு ஆற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சாரலில் எதிர்ப்பாறை மறைவதும் தெரிவதுமாக இருந்தது. இவர் ஒரு கையால் பரிசலின் விளிம்பைப் பிடித்திருந்தார். இன்னொரு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் முழங்கால் மேலேயே வைத்திருந்தார். வை, என் மேல் வை என்று மனசுக்குள் சொன்னேன். பரிசல் இன்னொரு சுற்று சுற்றியது. நான் குழாயடிக்குத் திரும்பி வந்தபோது உளியின் ஒரு மூலை மற்றதைவிடக் குட்டையாகியிருந்தது. உள்ளே குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மதில் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டுக் கற்பகத்தின் தலை. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"வெளக்கத் தேச்சா பூதம் வரும்னு கேட்டிருக்கேன். நீயும் காலையிலருந்து இந்த இரும்பப் போட்டுத் தேய்க்கிறியே ஸ்டெல்லா, எதனா வந்துச்சா?"

இடது கை

உளி கூராகிவிட்டதா என்று பார்க்க, இவர் முன்பெல்லாம் வலது கட்டை விரலை அதன் மேல் குறுக்கே லேசாக வைப்பார். இப்போது அந்த விரலின் சாட்சி செல்லாது. இன்னொரு வழி, முன்கை மயிரில் வைத்துச் சிரைத்துப் பார்ப்பது. என் கையில் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்தா? நாற்காலிக்கு எதிரே போய் நின்று கையை நீட்டச் சொல்வேன். மனிதர் ரத்தம் கொடுக்கப் போனவர் மாதிரி இடது கையை நீட்டி, வேறு பக்கம் பார்ப்பார். மத்தியான வெயில் கூரைத் தகரத்தின் ஓட்டைகளில் நூல் நூலாக இறங்கும். மரத்தூள் அதில் மிதக்கும், கீழே விழுவதற்கு மனமில்லாமல். மயிர் உதிரும், நான் ஊதுவேன். விபத்துக்குப் பிறகு அந்த மனிதர் என் பக்கமாக ஒரு கையை நீட்டியது அதற்கு மட்டும்தான் என்பதால், ஒரே உளியை நான் மூன்று தடவை சோதித்த நாட்களும் உண்டு.

தை கடைசியில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இடது கை எண்ணெய் தேய்த்த கத்தரிக்காய் மாதிரி பளபளத்தது. தர்மபுரியில் இவருக்குப் பிசியோதெரபி கொடுக்கும் பெண் எப்போதும் வலது கையை மட்டுமே பார்ப்பாள். அன்று தற்செயலாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இடதைத் திருப்பினாள், வலதைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"வலது கைக்குத்தானே சார் நான் எக்சர்சைஸ் கொடுத்தேன், இதுக்கு என்னாச்சு?"

கற்பகத்தின் கத்தி

வேடிக்கை பார்த்த கற்பகம், சும்மா போகவில்லை. தன் காய்கறிக் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள். பத்து வருடமாகக் கல்லையே காணாத கத்தி. தக்காளியை அது வெட்டாது, நசுக்கும். அரை மணி நேரம் உழைத்து, ஒரு காகிதத்தைக் காற்றிலேயே இரண்டாகப் பிளக்கிற அளவுக்குத் தீட்டிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் விரலில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு மதில் மேல் திரும்ப வந்தாள். பத்து வருடப் பழக்கத்தில் கேரட்டின் மேல் உடம்பு பலத்தையெல்லாம் போட்டு அழுத்தியிருக்கிறாள். கத்தி கேரட்டைத் தாண்டி அவள் நகத்தின் ஓரத்தையும் தாண்டி, பலகையில் போய் நின்றிருக்கிறது. என்னிடம் வருத்தத்தை எதிர்பார்த்தாள். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

"தீட்டிக் குடுன்னுதான் சொன்னேன். வெட்டுற மாதிரி தீட்டுவேன்னு நீ ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

சரோஜாம்மா வந்த நாள்

கற்பகத்தின் விரல் ஆறிவிட்டது. என் தலையில் ஒன்று உட்கார்ந்துகொண்டது. அழுத்த வேண்டியது மழுங்கிய இரும்புக்குத்தான். அழுத்தவே தேவையில்லாத உளி ஒன்று இருந்தால், டாக்டர் சொன்னது அதற்குப் பொருந்தாதே?

இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்த மாசி மாதத்தில்தான் பொம்மிடியிலிருந்து சரோஜாம்மா வந்தார். மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். கையில் மண் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. புது வீடு கட்டுகிறார். விபத்துக்கு முன்பே தலைவாசல் நிலைக்குத் தேக்குப் பலகை இறக்கிவிட்டுப் போயிருந்தார். மேலே பதினொரு தாமரை வேண்டும், அருளப்பன் கையால்தான் வேண்டும் என்று. வைகாசியில் புதுமனை புகுவிழா. சேலத்தில் கம்ப்யூட்டரில் படம் போட்டு மெஷினே செதுக்கித் தருகிறார்களாம், ஒரே நாளில் முடிந்துவிடுமாம். அவர் மகன் அதைத்தான் சொல்கிறானாம். இவர் பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். சரோஜாம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடு அருளப்பா, நான் கோவிச்சிக்க மாட்டேன். சித்திரை பொறக்குற வரைக்கும் பலகை இங்கயே இருக்கட்டும், அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு."

செட் ஸ்கொயர்

சரோஜாம்மா போன பிறகு, பலகையை வண்டியில் ஏற்றி சேலத்துக்கே அனுப்பிவிடலாம் என்று இவர் மாதையனிடம் சொன்னார். யாரும் எதையும் ஏற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். அடுத்த நாள் இவர் தர்மபுரிக்குப் போன சமயம் பார்த்துச் சாக்கைப் பிரித்தேன். ஏழு தட்டை உளிகள். ஒன்றாவது நேராக இருக்க வேண்டுமே! எல்லாவற்றிலும் வெட்டுகிற வாய் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இத்தனை வருடம் அவசரத்தில் தீட்டிய லட்சணம் என்று முடிவு கட்டினேன். பித்தான் போட்டு வைக்கிற என் பழைய ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து செட் ஸ்கொயரை எடுத்து வந்தேன். அவர் வெளியே போன நேரம், தூங்கிய நேரம் என்று ஒரு வாரம் உட்கார்ந்து, ஏழையும் தொண்ணூறு டிகிரிக்குக் கொண்டுவந்தேன். எங்கள் கல்யாணத்துக்கு இவர் கட்டிய தோல் பெல்ட்டை ஒரு பலகையில் ஆணியடித்து, கடைசியாக அதில் இழுத்து இழுத்து மெருகேற்றினேன். கையில் எடுத்தால் மலையும் வானமும் அதில் தலைகீழாக ஆடின. அந்த ஒரு வாரம் நான் மிதந்துகொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

காபித் தட்டில் ஏழையும் வரிசையாக வைத்து இவர் முன்னால் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்தார்; வலது கையால். மாதையன் மெஷினை நிறுத்தினார். வேப்பந்துண்டு ஒன்றில் பென்சிலால் ஒரு இதழ் வரைந்து, உளியை வைத்தார். அழுத்தவே இல்லை. சோப்பில் இறங்குவதுபோல் இறங்கியது. இறங்கி, கோட்டை விட்டு வெளியே ஓடியது. இரண்டாவது தடவையும் ஓடியது. மூன்றாவது தடவை இதழே பிளந்துகொண்டு வந்துவிட்டது. இவர் உளியைப் பார்க்கவில்லை; தன் கையைப் பார்த்தார். கை போய்விட்டது ஸ்டெல்லா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். நான் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். மாதையன் ஒரு உளியை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். யார் தீட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். இவர்கள் தொழிலில் ஒருவர் தனக்கென்று வைத்திருக்கும் உளியை இன்னொருவர் கல்லில் வைப்பதில்லையாம். அப்பன் உளியை மகன்கூடத் தொடுவதில்லையாம். எனக்கு யார் சொன்னார்கள்? அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேஸ்திரி கை சாயற சாய்வுக்கு அது இருபது வருசமாத் தேஞ்சிருக்குங்க. நீங்க அதைப் போயி கோணல்னு திருத்தி வெச்சிட்டீங்களேக்கா."

பாவசங்கீர்த்தனம்

சின்ன வயதிலிருந்தே பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவள் நான். சாமியாரிடம் ஒப்புக்கொள்வதற்கென்றே சின்னச் சின்னப் பாவங்களாகச் சேர்த்து வைத்திருப்பேன். கட்டிய கணவரிடம், தப்பு என்னுடையது என்று இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை; உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்? சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர் தன் கையைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டு மீதிக் காலத்தையும் அந்த நாற்காலியில் ஓட்டியிருப்பார். சாயந்தரம் டீயைக் கொடுத்துவிட்டு, செட் ஸ்கொயரையும் உளியையும் அவர் மடியில் வைத்தேன். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. செட் ஸ்கொயரை உளியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்த நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. மழை விட்ட பிறகு மலை ஒவ்வொரு மடிப்பாகத் தெரியுமே, அப்படி முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப தப்பு என் கையோடது இல்ல, உன்னோடதா? நெசமாவா? எங்க, இன்னொரு தடவ சொல்லு."

பதினொரு தாமரை

பழைய சாய்வை நினைவில் வைத்து மாதையன் ஒரு உளியைத் தேய்த்துக் கொடுத்தார். அதுவும் ஓடியது. அது பழைய கையின் சாய்வு. இந்தக் கை வேறு. ஆகவே தினமும் காலையில் நான் ஒரு நூலளவு தேய்ப்பேன், அவர் வேப்பந்துண்டில் ஒரு இதழ் செதுக்கிப் பார்ப்பார், கொஞ்சம் என்பார். மறுபடி தேய்ப்பேன். இன்னும் கொஞ்சம் என்பார். பங்குனி வெயிலில் பட்டறைத் தகரம் முனகும். மாமரத்தில் பிஞ்சு உதிரும். மத்தியானம் எது, சாயந்தரம் எது என்று தெரியாது. அவசரப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆணும் பெண்ணும் இத்தனை நாள் பேச முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பன்னிரண்டாவது நாள் உளி கோட்டிலேயே போய், கோட்டிலேயே நின்றது. வேப்பஞ்சுருள் ஒன்று கசப்பு வாசனையோடு என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தது. சாய்வு, முன்பு இருந்ததற்கு நேர் எதிர்ப் பக்கம்.

சித்திரை பிறக்க நாலு நாள் இருக்கும்போது சரோஜாம்மாவுக்குப் போன் போட்டு, செய்கிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் அடித்து ஆழம் எடுக்கிற முரட்டு வேலையை மாதையன் செய்தார். இதழைச் சீவி எடுக்கிற கடைசி வேலை இவருடையது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், பிறகு கை நடுங்கும், பிறகு ஓய்வு. வைகாசியில் சரோஜாம்மா வண்டியோடு வந்தார். நிலையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு மூவரும் தள்ளி நின்றோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாமரையிலிருந்து கடைசித் தாமரைவரை ஒரு விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார். பின்னால் நகர்ந்து பார்த்தார். அப்போதுதான் எங்களுக்கும் கண்ணில் பட்டது: பதினொன்றும் இடது பக்கமாகத் துளி சாய்ந்திருந்தன. கிட்டவே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது தெரியாமலே போயிருக்கிறது. இவருடைய முந்தைய வேலையில் அப்படி ஒரு சாய்வு வந்ததே இல்லை, மெஷினிலும் வராது. இவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சரோஜாம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"எல்லாப் பூவும் ஒரே பக்கமா சாயுதே அருளப்பா. சரி வுடு, என் வூட்டு வாசல்ல எந்நேரமும் காத்து வருதுன்னு வர்றவங்க நெனச்சிக்கட்டும், வண்டியில ஏத்து."

ஆக, சகோதரிகளே, கட்டிய மனிதரைத் திருத்தக் கூடாது என்று கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தாறு வருடமும் ஏழு உளியும் ஒரு எண்ணெய்க் கல்லும் ஆயிற்று, உங்களுக்காவது சீக்கிரம் விளங்கட்டும்.